நெஞ்சில் வைத்த ஸ்கேன்

2024 நவம்பர் 12, செவ்வாய். ஒரகடம் சாலையில் இருக்கும் எங்கள் சிறிய மருத்துவமனைக்கு வழக்கம்போல் எட்டு மணிக்குச் சென்றேன். கை கழுவினேன், ஸ்டெதாஸ்கோப்பைத் துடைத்தேன், இரவில் சேர்ந்தவர்களைப் பார்த்தேன். புதிதாகச் சேர்ந்த இளம் பெண் மருத்துவர் எனக்கு முன்பே வந்து, டேப்லெட் திரையில் பொருத்தும் தன் கையடக்க ஸ்கேன் கருவியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் வந்ததிலிருந்து நோயாளிகளின் கண் அதன்மேல்தான். இருபது ஆண்டுகளாக இவர்களின் நெஞ்சைக் காதால் கேட்டவள் நான். "படம் பாக்குற டாக்டரம்மா இல்லியா?" என்று என்னிடமே கேட்கிறார்கள்.

பத்து மணிக்கு மேல், பக்கத்துக் கார் ஆலையின் பெயிண்ட் பிரிவில் வேலை செய்யும் ஒருவர் மூச்சிரைக்க வந்தார். ஷிஃப்டுக்கு நடுவில் வருபவர்கள் யாரும் சேஃப்டி ஷூவைக் கழற்றுவதில்லை. மறுபடி லைனுக்கு ஓட வேண்டும். நாங்களும் கேட்பதில்லை. கட்டிலின் கால்மாட்டில் அதற்கென்றே ஒரு ரெக்சின் துண்டு கிடக்கும்.

"பெயிண்டு வாடைதான் மேடம். நெபுலைசர் வெச்சு வுட்டீங்கன்னா போயிகினே இருப்பேன்."

நெஞ்சில் விசில் சத்தம் கேட்டது. ஆஸ்துமா என்று நெபுலைசர் வைக்கச் சொன்னேன். முடிந்தும் இரைப்பு அடங்கவில்லை. உதடு நீலம் பாரித்தது. இளைய மருத்துவர் ஸ்கேன் செய்து பார்க்க என்னிடம் அனுமதி கேட்டார். அந்தப் பணிவும் எனக்குப் பிடிக்கவில்லை. விலா இடுக்கில் கருவியை வைத்தார்.

"இன்னாம்மா, கொழந்த பாக்குற மிஷினை எனக்கு வெக்கிறே?" என்றார் அவர், அந்த மூச்சிலும்.

திரையில் மேலிருந்து கீழாக வெள்ளைக் கோடுகள், பனியில் லாரி விளக்கு அடிப்பதுபோல, இரண்டு பக்கமும். நுரையீரலில் நீர் கோத்திருந்தது. கோளாறு இதயத்தில். எனக்கும் தெரிந்த படம்தான், புத்தகத்தில்.

"மேடம், ஷூவைக் கழட்டிப் பாக்கலாமா?" என்றார் இளையவர்.

கழற்றினோம். கால் வீங்கி, சாக்ஸின் விளிம்பு பள்ளமாகப் பதிந்திருந்தது. விரலால் அழுத்திய குழி அப்படியே நின்றது, இதயம் தளர்ந்ததன் அடையாளம். இதைப் பார்க்க எந்தக் கருவியும் வேண்டாம், என் கண்ணே போதும். அதனால்தான் இன்னும் எரிந்தது.

ஆக்சிஜன் வைத்து, நீர் பிரிய ஊசி போட்டோம். மாலைக்குள் அவரால் சாய்ந்து படுக்க முடிந்தது. அருகில் போனேன். "சின்ன டாக்டரம்மா எங்க மேடம்? ஒரு கும்பிடு போடணும்" என்றார். வருவார் என்று சொல்லிவிட்டு நகர்ந்தேன்.

மறுநாள் காலை, கை கழுவுவதற்கும் முன்பு, ஓய்வறைக் கதவைச் சாத்திவிட்டு மேசையிலிருந்த கருவியை எடுத்து என் விலாவில் வைத்தேன். திரை கறுப்பாகவே இருந்தது. கதவைத் தட்டிக்கொண்டு இளையவர் உள்ளே வந்தார்.

"ஜெல் போடணும் மேடம்" என்று புட்டியை நீட்டினார்.

வாங்கிக்கொண்டேன்.