எங்க சொன்னீங்களோ, அங்கயே சொல்லுங்க

போன செவ்வாய்க்கிழமை பூதலூர் பக்கம் ஒரு ரைஸ் மில்லுக்குப் போயிருந்தேன். முதலாளி சேகர் என்னோடு காலேஜில் படித்தவன். குறுவை அறுவடை நேரம். கேட்டுக்கு வெளியே நெல் லாரிகள் வரிசை கட்டி நின்றன.

வரவேற்பறைச் சுவரில் புதிதாக ஒரு போர்டு. 'எங்கள் நிறுவனத்தின் விழுமியங்கள்' என்று ஐந்து வரி. அதில் மூன்றாவது: 'உடன் வேலை செய்பவர்களிடம் மதிப்போடு பேசுவோம்.'

இப்படி எத்தனை போர்டு பார்த்திருக்கிறேன்! அதற்குக் கீழேயே உட்கார்ந்து ஒருவர் இன்னொருவரைக் கண்டபடி திட்டிக்கொண்டிருப்பார். அதனால் இந்தப் போர்டுகள் மேல் எனக்குப் பெரிய மரியாதை கிடையாது. அன்றைக்குக் காலை எட்டரை மணி வரை...

சேகரின் அறையில் மகேஸ்வரி இருந்தார். தஞ்சாவூர்க்காரர், முப்பது வயதைக் கொஞ்சம் தாண்டியவர். மில்லில் தரக் கட்டுப்பாடு மொத்தமும் அவர் பொறுப்பு. முகம் கடுகடுவென்று இருந்தது. காரணம் ஆறாம் நம்பர் தொட்டி. புழுங்கல் அரிசிக்காக நெல்லை ஊறப்போடும் தொட்டி அது. ஊறிய நெல் முழுக்க நாற்றம். தண்ணீரை நேரத்துக்கு மாற்றாவிட்டால் அப்படி ஆகுமாம். தொட்டிகளைப் பார்த்துக்கொள்பவர் தங்கராசு.

எனவே காலை ஆறரைக்கே மில்லின் வாட்ஸ்அப் குரூப்பில் மகேஸ்வரி ஒரு மெசேஜ் தட்டிவிட்டிருந்தார் — 'தங்கராசு, தண்ணி மாத்துனியா இல்லையா? மூளைய வீட்டுல வெச்சுட்டு வர்றியா?'

குரூப்பில் அறுபது பேர்.

சேகர் அதை எனக்குக் காட்டிக்கொண்டிருக்கும்போதே தங்கராசு உள்ளே வந்தார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். கால்சட்டையில் தவிடு ஒட்டியிருந்தது. லாக்கர் சாவியை மேசை மேல் வைத்தார்.

"இன்னிக்கு ஷிஃப்டோட நின்னுக்கறேன் மேடம்."

அவ்வளவுதான். குரலை உயர்த்தவில்லை. கதவைக்கூட மெதுவாகத்தான் சாத்தினார்.

சேகருக்கு வியர்த்துவிட்டது. "சீசன்ல இவரு போனா தொட்டிய யாரு பாக்குறது?"

"தப்பையும் பண்ணிட்டு ரோஷம் வேறயா சார்?" என்றார் மகேஸ்வரி.

கதவைத் திறந்துகொண்டு வாசலில் யாரோ தயங்கி நிற்பது தெரிந்தது. லேபில் உதவியாளராக இருக்கும் தீபா. வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம்தான் ஆகிறதாம். கையில் சாம்பிள் தட்டு.

"மேடம்... அவரு முந்தாநாளே எங்கிட்ட சொன்னாரு. 'இந்த லோடு ஈரமா வந்திருக்கும்மா, இப்பவே ஒரு மாதிரி வாடை அடிக்குது, மேடத்துகிட்ட சொல்லிடு'ன்னாரு. நான்தான் மறந்துட்டேன்."

மகேஸ்வரி ஃபைலைப் புரட்டினார். அந்த லோடை இறக்கலாம் என்று கையெழுத்துப் போட்டிருந்தது... அவரேதான். தண்ணீர் மாற்றிய நேரமெல்லாம் தொட்டி நோட்டில் தங்கராசு ஒழுங்காகக் குறித்திருந்தார். நெல் வரும்போதே கெட்டிருக்கிறது.

இந்த இடத்தில் நானாக இருந்தால் என்ன செய்திருப்பேன்? சந்தேகமே வேண்டாம், தீபாவின் மேல் பாய்ந்திருப்பேன். கோபத்துக்கு ஒரு புது விலாசம் கிடைத்த மாதிரி.

மகேஸ்வரி சொன்னது இதுதான்: "இப்பவாவது சொன்னியே, தேங்க்ஸ்மா. நீ போய் சாம்பிளப் பாரு." பிறகு எழுந்து விடுவிடுவென்று தொட்டிப் பக்கம் நடந்தார். சேகரும் நானும் பின்னாலேயே போனோம்.

தங்கராசு வால்வைத் திருகிக்கொண்டிருந்தார். மகேஸ்வரி பக்கத்தில் போய் நின்றார்.

"அண்ணே, தப்பு உங்க மேல இல்ல. நான் விசாரிக்காம பேசிட்டேன். மன்னிச்சிடுங்க."

தங்கராசு கையைத் துண்டில் துடைத்துக்கொண்டார்.

"மேடம், எங்கப்பா கடைசி வரைக்கும் அடுத்தவங்க வயல்லதான் வேலை பாத்தாரு. எழுவது வயசுலயும் அவர வாடா போடான்னுதான் கூப்புடுவாங்க, பேரப்புள்ள வயசுல இருக்கவன்கூட. நான் மில்லுக்கு வந்ததே இங்க எல்லாரும் 'வாங்க, போங்க'ன்னு பேசுவாங்கன்னுதான்."

வால்வை இன்னொரு சுற்றுத் திருகினார்.

"எங்கிட்ட இருக்கறது பட்டன் போனு. குரூப்புல இருக்கறது எம்மக நம்பரு. நர்சிங் படிக்குது. நீங்க போட்டத அதுதான் மொதல்ல படிச்சுது. எனக்கு வாசிச்சுக் காட்டல மேடம்... நான் கேக்கக் கேக்க, 'ஒண்ணுமில்லப்பா'ன்னு போனை மறைச்சுக்கிச்சு. மில்லுக்கு வந்தப்புறம்தான் மத்தவங்க சொன்னாங்க. அதனால இங்க வந்து சொன்னது எனக்குப் போதும். எம்மகளுக்குப் போதாது. எங்க சொன்னீங்களோ, அங்கயே சொல்லுங்க."

கெஞ்சலும் இல்லை, மிரட்டலும் இல்லை. தனக்கு என்ன வேண்டும் என்று ஒரு மனிதர் இவ்வளவு தெளிவாக, இவ்வளவு பண்பாகக் கேட்டு நான் பார்த்ததில்லை.

மகேஸ்வரி அங்கேயே ஒரு மூட்டை மேல் உட்கார்ந்து போனை எடுத்தார். டைப் செய்தார். அழித்தார். மறுபடி டைப் செய்தார். பத்து நிமிடம் ஆகியிருக்கும்.

சேகர் அவர் காதோரம் குனிந்தான். "அந்தப் பழைய மெசேஜ டெலீட் பண்ணிடுங்களேன் மேடம்."

"வேண்டாம் சார். அதப் படிச்சவங்க இதையும் படிக்கட்டும்."

குரூப்பில் வந்தது இது: 'தங்கராசு அண்ணனுக்கு. ஆறாம் தொட்டி நெல் கெட்டதற்கு நீங்கள் காரணம் இல்லை. நெல் சரியில்லை என்று இரண்டு நாளுக்கு முன்பே நீங்கள் சொல்லியிருக்கிறீர்கள். லோடை அனுமதித்தது நான். காலையில் உங்களை மரியாதை இல்லாமல் பேசினேன். எல்லோர் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்கிறேன். — மகேஸ்வரி.'

தீபாவின் பெயர் அதில் எங்கேயும் இல்லை. கவனித்தீர்களா?

இரண்டு நிமிடத்தில் தங்கராசுவின் மகளிடமிருந்து பதில் வந்தது. 'படிச்சேன் மேடம். அப்பா காலையில சாப்பிடாம கிளம்பிட்டாரு. சாப்பிடச் சொல்லுங்க.'

மகேஸ்வரி அதைச் சத்தமாகப் படித்தார். தங்கராசு முகத்தைத் திருப்பிக்கொண்டு இல்லாத ஏதோ ஒரு வால்வைத் தேடினார்.

"வாங்கண்ணே, கேன்டீனுக்குப் போவோம். பொண்ணு உத்தரவு போட்டாச்சு."

"நீங்க போங்க மேடம். இந்தத் தொட்டிக்குத் தண்ணி விட்டுட்டு வந்துடறேன்."

சொன்னபடியே கால் மணி நேரத்தில் வந்தார். பொங்கலும் வடையும் சாப்பிட்டார். லாக்கர் சாவியை மகேஸ்வரி அவர் தட்டுக்குப் பக்கத்தில் வைக்க, எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டார். அந்த லோடு நெல் என்னவோ கோழித் தீவனத்துக்குத்தான் போனது. அன்றிலிருந்து, தங்கராசு முகர்ந்து பார்த்துச் சரி என்று சொல்லாமல் எந்த நெல்லும் தொட்டிக்குள் இறங்குவதில்லையாம். சேகர் நேற்று போனில் சொன்னான்.

கிளம்பும்போது மகேஸ்வரியிடம் கேட்டேன்: "அந்த ஏழெட்டு வரி மெசேஜுக்கு ஏம்மா பத்து நிமிஷம் ஆச்சு?"

சிரித்தார். "மன்னிப்பு கேக்க ஒரு நிமிஷம்தான் சார் ஆச்சு. கடைசியில 'ஆனா'ன்னு ஒரு வரி எழுதியிருந்தேன். அத அழிக்கத்தான் மனசு வரல."

நான் இதுவரை கேட்ட மன்னிப்புகளை பஸ்ஸில் வரும்போது ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் அந்த வரி இருக்கிறது.