கதவில் ரமிஸின் படம்

சரயேவோ பேருந்து நிலையத்தில் வாடகைக்கு அறை தேடி வருகிறவர்களைப் பிடிப்பதில் சபிஹாவுக்கும் மாடிவீட்டு சும்ராவுக்கும் வெகுநாள் போட்டி. அன்று சபிஹா முந்திக்கொண்டு இரண்டு வெளிநாட்டுப் பெண்களை அழைத்து வந்தாள். கோடை முழுக்கக் காலியாகக் கிடந்த அறைக்கு அவர்கள்தான் முதல் ஆட்கள்.

கட்டட வாசலில் பெண்கள் நின்றுவிட்டார்கள். கதவில் பச்சைக் கரை போட்ட இறப்பு அறிவிப்பு, அதில் சபிஹாவின் புருஷன் ரமிஸின் படம். அவன் செத்து அன்றோடு எட்டு வருடம். நினைவு நாளுக்கும் இப்படி ஒட்டுவது ஊர் வழக்கம்தான். ஆனால் இதை அவள் ஒட்டவில்லை.

"நீங்க மறந்துட்டீங்கன்னு நானே அச்சடிச்சு ஒட்டிட்டேன் அக்கா," என்று ஜன்னலிலிருந்து சொன்னாள் சும்ரா. பிறகு அந்தப் பெண்களிடம் அவர்கள் பாஷையில் ஏதோ சொன்னாள்.

சபிஹாவுக்கு அந்தப் பாஷையில் 'அறை', 'சுத்தம்' தவிர எதுவும் தெரியாது. காகிதத்தின் ஓரத்தில் நகத்தை வைத்தாள். ரமிஸ் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான். கையை எடுத்துவிட்டாள்.

பெண்கள் அவள் தோளைத் தொட்டு வருத்தம் தெரிவித்துவிட்டு, பெட்டிகளோடு சும்ராவின் வீட்டுக்குப் படியேறினார்கள்.

"சொந்தத் தங்கச்சிகூட இப்படிச் செய்ய மாட்டா," என்றார் கீழ்வீட்டுக் கிழவர், அறிவிப்பைப் படித்துவிட்டு.

"ஆமா," என்றாள் சபிஹா.

சாயங்காலம் சும்ரா கதவைத் தட்டினாள். "ஒரு தலையணை குறையுது அக்கா. உங்களுக்குத்தான் ஆள் இல்லையே."

சபிஹா உறை மாற்றிக் கொடுத்தாள்.