அணையாத பிரேக் லைட்டும் என் வீட்டுக்காரரும்

என் வீட்டுக்காரர் கார்களுக்கு ஒயரிங் வேலை பார்க்கிறவர். முப்பது வருஷமாக ஒரே கடை, ஒரே டூல் பாக்ஸ், ஒரே கோபம். தொழிலில் அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. கெட்டுப்போன பொருளை வண்டிக்காரர் உள்ளங்கையில் வைத்துக் காட்டாமல் சாவியைத் திருப்பித் தரமாட்டார். "பார்த்துக்கங்க, இதுதான் உங்களைப் படுத்தினது" என்பார். அந்த நேரத்தில் அவர் முகத்தைப் பார்க்க வேண்டும், அவ்வளவு பெருமை.

என் கொழுந்தனாருக்கும் இதே வேலைதான், கடை அடுத்த தெருவில். அவர் வந்தவரை நாற்காலி போட்டு உட்காரவைத்துச் சிரித்துப் பேசுவார். இவரோ வாயைத் திறந்தாலே, "இதை யாரு கழட்டச் சொன்னா உங்களை?" என்றுதான் ஆரம்பிப்பார். பிறகு கூட்டம் எங்கே போகும்? தம்பி கடை வாசலில் எத்தனை வண்டி நிற்கிறது என்று எண்ணிவிட்டு வந்துதான் இவர் மத்தியானம் சாப்பிட உட்காருவார். கேட்டால், "சும்மா அந்தப் பக்கமா வந்தேன்" என்பார். அப்பட்டமான வயிற்றெரிச்சல், வேறொன்றுமில்லை.

ஊரார் வண்டி போனதைக்கூடப் பொறுத்துக்கொண்டார். ஒரு சனிக்கிழமை எங்கள் மகளே தன் காரைச் சித்தப்பாவிடம் கொண்டுபோனாள். சாவியை எடுத்த பிறகும் பின்னால் பிரேக் லைட் எரிந்துகொண்டே இருக்கிறது, காலையில் பேட்டரி செத்துக்கிடக்கிறது. கொழுந்தனார் பிரேக் சுவிட்சை மாற்றினார், ஒயரையெல்லாம் சோதித்தார். லைட் அணையவில்லை. நிறுத்தும்போதெல்லாம் பேட்டரி ஒயரைக் கழற்றிவைக்கச் சொல்லி, "ரெண்டு நாள் டைம் குடும்மா, யோசிக்கிறேன்" என்று அனுப்பிவிட்டார்.

ஏன் அப்பாவிடம் காட்டவில்லை என்று அவளைக் கேட்டேன்.

"அப்பா வண்டியைப் பார்க்கறதுக்கு முன்னாடி என்னைத் திட்டுவாரும்மா. சித்தப்பா வண்டியை மட்டும்தான் பார்ப்பார்."

இது பக்கத்து அறையில் இருந்தவர் காதில் விழுந்துவிட்டது. அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அவள் தூங்கிக்கொண்டிருந்தபோது சாவியை எடுத்துப்போய் டார்ச் அடித்துப் பார்த்திருக்கிறார். இதெல்லாம் பிறகு அவரே என்னிடம் சொன்னது. பெடலுக்குக் கீழே, கால் வைக்க விரித்திருக்கும் ரப்பர் மேட்டில் மூன்று நீல பிளாஸ்டிக் துண்டுகள் கிடந்தன. பிரேக் பெடலின் தண்டில் ஓர் ஓட்டை இருக்கும்; அதைச் சட்டைப் பொத்தான் அளவில் ஒரு பிளாஸ்டிக் அடைப்பு மூடியிருக்கும். காலை எடுத்ததும் அந்த அடைப்புதான் சுவிட்சின் முனையை அமுக்கி லைட்டை அணைக்கிறது. அது நொறுங்கிப்போனதால் முனை ஓட்டைக்குள் நுழைந்துகொண்டது. பத்து சுவிட்ச் மாற்றினாலும் லைட் அணையாது. புது அடைப்பை வைத்து அழுத்தினால் ஐந்து நிமிஷத்தில் முடிகிற வேலை.

மனுஷன் அதைச் செய்யவில்லை. துண்டுகளைப் பொறுக்கி வேலைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். தம்பி கையை விரிக்க வேண்டும், மகள் தானாக வந்து "நீங்களே பாருங்கப்பா" என்று கேட்க வேண்டும். அந்த ஒரு வார்த்தைக்காக வாயை மூடிக்கொண்டு காத்திருந்தார். எனக்கு இன்னும் அந்தக் கோபம் தீரவில்லை.

புதன்கிழமை வேலைக்குப் போகிற வழியில் அவள் பிரேக் போட்டிருக்கிறாள். லைட்தான் எப்போதும் எரிகிறதே, பின்னால் வந்த வேன்காரருக்கு எப்படித் தெரியும்? இடித்துவிட்டார். பம்பர் நெளிந்தது, இவளுக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது. கழுத்தில் பட்டையோடு வீட்டுக்கு வந்து, அப்பாவிடம் சாவியை நீட்டினாள்.

"நீங்களே பாருங்கப்பா."

கேட்க ஆசைப்பட்ட வார்த்தைதான். இவர் முகம் வெளுத்துப்போயிற்று. கடைக்கு ஓடிப்போய்ப் புது அடைப்பை எடுத்துவந்து, பெடலுக்கு அடியில் தலையை விட்டு அழுத்தினார். லைட் அணைந்தது. விஷயம் தெரிந்து கொழுந்தனாரும் வந்திருந்தார்.

"எப்படிண்ணே கண்டுபிடிச்சீங்க? நான் சுவிட்சையே கட்டிக்கிட்டு அழுதேன்."

தம்பியே கேட்டுவிட்டார். முப்பது வருஷப் பழக்கம் சும்மா விடுமா? கை தானாகச் சட்டைப் பைக்குள் போனது. மூன்று நீலத் துண்டுகளையும் மகளின் உள்ளங்கையில் வைத்தார்.

"பார்த்துக்க, இதுதான் உன்னைப் படுத்தினது. மேட்ல கிடந்தது."

அவள் துண்டுகளைப் பார்த்தாள். கழுத்தைத் திருப்ப முடியாததால் உடம்போடு அப்பா பக்கம் திரும்பினாள்.

"மேட்டை நான் திங்கட்கிழமையே எடுத்துக் கழுவிட்டேனேப்பா."

அவள் துண்டுகளை அவர் கையிலேயே திருப்பி வைத்துவிட்டு, சாவியை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.