ஜப்பான்காரி பாடிய 'வா லா'

போன மாதம் முழுக்க என் வீட்டில் ஒரு ஜப்பான்காரி பாடிக்கொண்டிருந்தாள். மனைவி ஒன்றும் சொல்லவில்லை. வந்தவள் ஒரு பென்சில் பெட்டி அளவுதான் இருந்தாள்.

குட்டி கீபோர்டுங்க. மற்ற கீபோர்டுகள் 'டிங் டிங்' என்னும். இது வாய் திறந்து பாடும். பேனா மாதிரி ஒரு குச்சியால் தொட்டால் 'ஆ', 'கா', 'மி' என்று பொம்மைக் குரலில் இழுக்கும். புக்கிட் பெருந்துங்கில் இருக்கும் நண்பர் செல்வம் கொடுத்தார். "எடுத்துட்டுப் போ லா... எனக்கு இதுக்கெல்லாம் பொறுமை இல்ல."

எனக்கு மட்டும் பொறுமை இருந்ததா என்ன? தேவை இருந்தது.

பழைய வாசகர்களுக்கு ஞாபகம் இருக்கலாம். இரண்டு வருடத்துக்கு முன் இதே பத்திரிகைப் பத்தியில் என் தங்கை லலிதாவைப் பற்றி எழுதினேன். கலும்பாங்கில் இருக்கிறாள். அங்கே கோயில் பஜனையில் அவள்தான் முன்வரிசை. 'என் தங்கை பாட ஆரம்பித்தால் தோட்டத்து நாய்கள்கூடச் சுருதி சேர்க்கும்' என்று ஒரு வரி போட்டேன். சிரித்துச் சிரித்து வயிறு வலித்ததாகப் பலர் சொன்னார்கள். நானும் பூரித்துப் போனேன். பஜனைக்கு வந்த யாரோ அதைச் சத்தமாக வாசித்துக் காட்டியிருக்கிறார்கள்... அன்றோடு லலிதா பாடுவதை நிறுத்தினாள். என்னோடு பேசுவதையும்.

போன் செய்தால் எடுக்க மாட்டாள். மெசேஜ் போட்டால் இரண்டு நீல டிக் விழும். பதில் வராது.

இந்த நேரத்தில் என் மகளுக்கு நிச்சயதார்த்தம் முடிவானது. மாப்பிள்ளை வீட்டார் கொண்டுவரும் தட்டை எங்கள் குடும்பத்தில் அத்தைதான் முன்னால் நின்று வாங்குவாள். "அத்தை வந்து தட்டு வாங்கலன்னா நான் வெளியவே வர மாட்டேன்பா" என்று மகள் சொல்லிவிட்டாள். நான் இருக்கும் கோலசிலாங்கூருக்கும் கலும்பாங்குக்கும் எவ்வளவு தூரம்? காரில் போய்க் கூப்பிட வேண்டியதுதானே? முகத்தைக் காட்டத் தைரியம் இல்லை. அதுதான் உண்மை.

எழுதிக் கெடுத்தாயிற்று, பாடிக் கூப்பிடலாமே என்று தோன்றியது. ஆனால் என் குரலில் வேண்டாம். இருக்கும் உறவும் போய்விடும்.

கீபோர்டை லேப்டாப்பில் செருகி, பாட்டு கோர்க்கும் சாஃப்ட்வேரைத் திறந்தேன். திரை முழுக்கக் கட்டங்கள். ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரு சின்னக் கோடு, ஒவ்வொரு கோட்டுக்கும் ஓர் எழுத்து. கோட்டை இழுத்தால் எழுத்து நீளும். கொஞ்சம் நகர்ந்தால் தாளம் தப்பும். நான்கு வரிப் பாட்டுக்கு மூன்று வாரம் ஆனது. கடைசி வரி – 'லலிதா, வா லா'.

நூறு தடவையாவது கேட்டிருப்பேன். கண்கூடக் கலங்கியது. அனுப்பிவிட்டேன்.

பத்தே நிமிடம். போன் அடித்தது. லலிதா!

"அண்ணே... யாரு அந்தப் பொம்பள?"

"பொம்பள இல்லம்மா, மிஷின். ஜப்பான் மிஷின்."

"அது யாரு ராரிதா? 'ராரிதா வாரா, ராரிதா வாரா'ன்னு பாடுது! வர மாட்டான்னு நீயே முடிவு பண்ணிட்டியா?"

திரும்பப் போட்டுக் கேட்டேன். ஐயோ, ஆமாம். ஜப்பான் மொழியில் 'ல' கிடையாது. அந்த இடத்தில் அது 'ர' பாடும். வாய்க்கு வாய் 'லா' போடும் நம் ஊரில், 'லா' வராத ஒரு மிஷின்! லலிதா ராரிதா ஆகிவிட்டாள். 'வா லா' வாரா ஆகிவிட்டது. மூன்று வாரம் மெனக்கெட்டு, என் தங்கை வர மாட்டாள் என்று பாட வைத்திருக்கிறேன்.

நூறு தடவை கேட்டும் என் காதில் ஏன் விழவில்லை? நான் என்ன சொல்ல வந்தேன் என்பது எனக்குத் தெரியும். அதனால் எனக்கு அப்படியே கேட்டது. அந்த நாய் வரியும் இதே கதைதான். எனக்கு அதில் பாசம் கேட்டது. அவளுக்கு ஊரே சிரித்தது கேட்டது.

"தப்பு என்னுதும்மா. அந்த வரிய நான் எழுதியிருக்கக் கூடாது" என்றேன். இரண்டு வருடமாகத் தொண்டையில் நின்ற வார்த்தை.

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"மிஷினுக்கு லா வரல, சரி. உனக்குமா காது கேக்கல? இப்படி வரணும்ணே..." என்று பாடிக் காட்டினாள். வா லா. அந்த 'லா' நாக்கில் நன்றாகச் சுழன்று வந்தது. இன்னொரு தடவை பாடச் சொன்னேன். பாடினாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

நிச்சயதார்த்தத்துக்கு முதல் ஆளாக வந்தவள் அவள்தான். தட்டை வாங்கினாள். எல்லாரும் கேட்க, இரண்டு பாட்டுகூடப் பாடினாள்.

கிளம்பும்போது மெல்லக் கேட்டேன். "இத பத்தியில எழுதட்டுமா?"

"எழுது லா. அனுப்புறதுக்கு முன்னால எனக்கு வாசிச்சுக் காட்டு. உன் காத நம்ப முடியாது."

நேற்று வாசித்துக் காட்டினேன். ஒரே ஒரு வரியை எடுக்கச் சொன்னாள் – எனவே, அவள் பாடியபோது பக்கத்து வீட்டு நாய் என்ன செய்தது என்பதை என்னிடம் கேட்காதீர்கள்.