கிளட்ச் அக்கா எழுதிவைத்த டிரஸ்ட்

எங்கள் பகுதியில் கார் ஓட்டும் பெண்களில் பாதிப் பேர் அவரிடம் கற்றவர்கள்தான். நானும் ஒருத்தி. "கிளட்ச்! கிளட்ச்!" என்று அவர் போடும் சத்தத்தில் தெருவே திரும்பிப் பார்க்கும். அதனால் கிளட்ச் அக்கா என்ற பெயரே நிலைத்துவிட்டது. கணவர் சீக்கிரமே போய்விட்டார். டிரைவிங் ஸ்கூலைத் தனியாளாக நடத்தி, மகளைப் படிக்கவைத்து, கீழே கடைகளும் மேலே வீடுமாக ஒரு கட்டடத்தையும் வாங்கினார்.

கூடவே தம்பியையும் வளர்த்தார். வளர்த்தார் என்றுதான் சொல்லவேண்டும். தலை நரைத்துவிட்டது, மனசு மட்டும் சின்னப் பையனுடையது. ஸ்கூல் கார்களைத் தம்பிதான் கழுவுவார். கண்ணாடியில் ஒரு நீர்த்தடம் தெரிந்தாலும் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பார்.

ஒரு நாள் அக்கா வகுப்பு முடிந்து வந்தால், சமையலறைச் சுவரில் புத்தம்புது வாட்டர் ஃபில்டர். விற்க வந்தவன் தம்பியிடமே கையெழுத்து வாங்கி மாட்டிவிட்டுப் போயிருந்தான். அதைத் திருப்பி அனுப்புவதற்குள் அக்காவுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. ஃபில்டர் போனது, தனக்குப் பிறகு தம்பி கதி என்ன என்ற பயம் போகவில்லை.

வக்கீலம்மாவிடம் போய், கட்டடத்தைத் தம்பி பேருக்கு உயில் எழுதவேண்டும் என்றார்.

"எழுதலாம். உங்களுக்கு அப்புறம் அந்த ஃபில்டர்காரன் மாதிரி ஒருத்தன் வந்து, வீட்டுக்கே கையெழுத்து வாங்கிட்டா?"

"அப்போ வேற என்னதான் வழி?" என்றார் அக்கா.

"டிரஸ்ட் போடுங்க. கட்டடம் டிரஸ்ட் பேர்ல இருக்கும். நீங்க சொல்ற ரெண்டு பேர் டிரஸ்டியா இருந்து பாத்துப்பாங்க. வாடகை உங்க தம்பிக்காக மட்டும்தான் செலவாகணும். கட்டடத்தை அவராலயும் விக்க முடியாது, டிரஸ்டிங்களாலயும் இஷ்டத்துக்கு விக்க முடியாது. அவர் காலத்துக்கு அப்புறம் உங்க பொண்ணுக்குப் போயிடும்."

வெளியூரில் இருக்கும் மகள் ஒருத்தி, பக்கத்து ஒர்க்‌ஷாப் மெக்கானிக் ஒருவர் என இரண்டு டிரஸ்டிகளை அக்கா முடிவு செய்தார். மகளுக்கு மூக்குக்கு மேல் கோபம்.

"என் மேல நம்பிக்கை இல்லையாம்மா? மாமாவை நான் தெருவுலயா விட்டுடுவேன்? வெளியாள் எதுக்கு?"

"நம்பாமலா உன் பேரை முதல்ல போட்டேன்? உனக்கும் ஒரு கஷ்டகாலம் வரும். அன்னிக்கு நீ ஒத்தையா நின்னு முழிக்கக்கூடாது, அதுக்குத்தான்."

சில நாள் மகள் போனை எடுக்கவில்லை. பிறகு அவளாகவே வந்து கையெழுத்துப் போட்டாள்.

வேறு யாராக இருந்தாலும் பத்திரத்தைப் பீரோவில் வைத்துப் பூட்டியிருப்பார்கள். அக்கா அதை ஓட்டிப் பார்த்தார். முழங்கால் ஆபரேஷன் முடிந்து மகள் வீட்டில் தங்கவேண்டி வந்தபோது இரண்டு பேரையும் கூப்பிட்டுச் சொன்னார்: "நான் செத்துட்டேன்னு வெச்சுக்கோங்க. எங்கிட்ட எதையும் கேக்கக்கூடாது."

"வாயில நல்ல வார்த்தையே வராதா?" என்றாள் மகள்.

மாமாவையும் தன் வீட்டுக்கே அழைத்துப்போக அவள் நினைத்தாள். மெக்கானிக் தடுத்தார். "அவரை ஒரு வார்த்தை கேப்போம்மா."

கேட்டார்கள். "நான் வந்துட்டா கார் யாரு கழுவுவா?" என்றார் தம்பி.

தம்பி இங்கேயே இருக்கட்டும் என்று முடிவானது. வாடகையிலிருந்து ஒரு சமையலம்மாவை ஏற்பாடு செய்தார்கள். மெக்கானிக் இரவில் வந்து படுத்துக்கொண்டார்.

அக்கா மகளோடு திரும்பி வந்து, கைப்பிடியைப் பற்றி மெல்லப் படியேறி உட்கார்ந்ததும் தம்பி டீ கொண்டுவந்தார். அவரே போட்ட டீ. அதுவரை தம்பியை அக்கா அடுப்புப் பக்கமே விட்டதில்லை.

"இவனை யாரு அடுப்புக்கிட்ட விட்டது?"

மெக்கானிக் தலையைச் சொறிந்தார். மகள் சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னாள்: "டிரஸ்டிங்க சேர்ந்து எடுத்த முடிவும்மா. மாமாதான் ஆசையா கேட்டாரு. சமையலம்மா பக்கத்துல நின்னு சொல்லிக்கொடுத்தாங்க."

டீ பாகாக இனித்தது. ஒரு சொட்டு விடாமல் குடித்தார் அக்கா. "பயந்து பயந்து இவனை நானே கட்டிப்போட்டுட்டேனே" என்று அன்று அம்மா அழுததாக மகள் பிறகு என்னிடம் சொன்னாள்.

கால் கொஞ்சம் தேறியதும் அக்கா மறுபடி வக்கீலம்மாவிடம் போனார். தம்பி விஷயத்தில் எதைச் செய்வதானாலும் முதலில் தம்பியைக் கேட்கவேண்டும் என்று பத்திரத்தில் சேர்க்கச் சொன்னார்.

"அவருக்கு விஷயம் புரியலைன்னா?"

"புரியற மாதிரி கேக்கணும். அதையும் எழுதிக்கோங்க."