எழுத்தோடு ஒரு கல்யாண டிவிடி

புருஷோத்தமனுக்குப் புதுச்சேரி மேட்டுப்பாளையத்தில் ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில் மெஷின் ஆபரேட்டர் வேலை. வீடு அரியாங்குப்பத்தில். மகள் வேலைக்குச் சென்னை போனபோது விட்டுச் சென்ற பழைய லேப்டாப்பில் அவன் அதுவரை கிரிக்கெட் ஸ்கோர் தவிர எதையும் பார்த்ததில்லை.

அவன் மனைவி கலைவாணிக்குச் சில வருடங்களுக்கு முன்பு வந்த காய்ச்சலில் இரண்டு காதும் போய்விட்டன. பேச்சு போகவில்லை. எதிரே நின்று பேசினால் உதட்டைப் பார்த்தே பதில் சொல்லிவிடுவாள். வீட்டுக்கு வருபவர்களுக்கு வித்தியாசமே தெரியாது. டிவியைத்தான் அவள் விட்டுவிட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்கிக்கொண்டு வந்தவன், அவள் தங்கள் கல்யாண டிவிடியைப் போட்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தான். பெண்கள் கூட்டமாகச் சிரிக்கும் இடத்தில் படத்தை நிறுத்தி வைத்திருந்தாள்.

"இங்க எங்க சித்தி என்னமோ சொல்லும். முதுகக் காட்டிக்கினு நிக்கிது. என்னா சொல்லுச்சின்னு மறந்துபோச்சிங்க."

புருஷோத்தமன் அதைத் திரும்ப ஓட்டிக் கேட்டுச் சொன்னான். அவளும் சிரித்தாள். பிறகு ரிமோட்டை வைத்துவிட்டு மீன் கழுவப் போய்விட்டாள். அவனுக்குத்தான் அது மனசை விட்டுப் போகவில்லை.

மறுநாள் ஷிஃப்ட் முடிந்து வரும் வழியில், பள்ளிக்கூட நண்பன் இளம்பரிதியின் வீடியோ மிக்ஸிங் கடைக்குப் போனான். கல்யாண டிவிடியில் பேசுவதையெல்லாம் கீழே எழுத்தாகப் போட வேண்டும் என்றான்.

"போட்டுக்கலாம். பென் டிரைவ்ல தரேன்."

"எங்க டிவில பென் டிரைவ் போடற எடமே இல்ல. பிளேயர்தான். அதுலதான் அவளே போட்டு அவளே பாப்பா."

"இப்ப வர்ற சாஃப்ட்வேர்ல பாதிக்கு மேல டிவிடி போடற வசதியே கெடையாது. தேடித்தான் எடுக்கணும். நீயே செய்யறியா? சொல்லித் தரேன்."

அப்படித்தான் தொடங்கியது. முதலில் இறக்கிய சாஃப்ட்வேரில் மெனு அழகாக வந்தது, பூ வேலைப்பாடெல்லாம் இருந்தது. ஆனால் எழுத்தைப் படத்தோடு சேர்த்துத்தான் ஒட்ட முடியும். வேண்டாதபோது எடுக்க வழியில்லை. "சொந்தக்காரங்க வந்தா மூஞ்சி மேல எழுத்து ஓடுதுன்னு சொல்லுவாங்க. வேணும்னா வரணும், வேணான்னா போவணும்" என்றாள் கலைவாணி. அடுத்ததில் அந்த வசதி இருந்தது, தமிழ்தான் வரவில்லை. 'கொ' என்று அடித்தால் கொம்பும் காலும் எழுத்தை விட்டு இடம் மாறிப் போய் நின்றன. அவள் படித்துப் பார்த்து வயிறு குலுங்கச் சிரித்தாள். மூன்றாவது இலவசம். பார்க்க ஒரு லட்சணமும் இல்லை. மெனு என்றால் கறுப்புத் திரையில் நான்கு வரி. ஆனால் தமிழ் சரியாக விழுந்தது, ரிமோட்டை அழுத்தினால் எழுத்து வந்தது, மறுபடி அழுத்தினால் போனது. புருஷோத்தமன் அதையே எடுத்துக்கொண்டான்.

சாயங்காலங்களில் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, ஒவ்வொருவர் பேச்சாகக் கேட்டு ஒற்றை விரலால் அடித்தான். மாப்பிள்ளைக் கோலத்தில் தான் தண்ணீர் கேட்டதையும், யாரும் கொண்டுவராததையும்கூட எழுதினான். ஓரிடத்தில் மட்டும் கை நின்றது. கலைவாணியின் அப்பா ஆதிமூலம், புருஷோத்தமனின் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்கிறார். தேங்காய்த்திட்டில் மீன் ஏலம் விட்ட மனிதர், குரல் துறைமுகம் முழுக்கக் கேட்கும். வீடியோ எடுத்தவர்கள் அந்த இடத்தில் ஒரு பாட்டைப் போட்டு மூடிவிட்டார்கள். ஆதிமூலமும் இல்லை, அம்மாவும் இல்லை, கேட்பதற்கு. அந்த இடத்தை வெறுமையாக விட்டு டிவிடியில் பதிவு செய்தான்.

கலைவாணி பார்க்க உட்கார்ந்தாள். சித்தி பேசியதைப் படித்துச் சிரித்தாள். தண்ணீர் கேட்ட இடத்தில் அவனைத் திரும்பிப் பார்த்தாள். அப்பா வந்ததும் எழுத்து நின்றது.

அவன் அவள் எதிரே வந்து உட்கார்ந்தான். "பாட்டுப் போட்டுட்டாங்க கலை. ஒண்ணும் கேக்கல."

"கேக்கலன்னா என்னா? நவுருங்க, மறைக்கிறீங்க."

அவள் டிவி அருகே போய்த் தரையில் உட்கார்ந்து, திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தாள். உதடுகள் அப்பாவின் உதடுகளோடு சேர்ந்து அசைந்தன. பிறகு மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்.

"எம்பொண்ணு கோச்சிக்கினா பேசமாட்டா. நீங்களா போயி பேசுங்க. ஒடனே சரியாயிடுவா."

சொல்லி முடித்துப் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். "எனக்குத் தெரியவே தெரியாது, இப்பிடி சொன்னாருன்னு. காது நல்லா இருந்தப்ப எத்தினி வாட்டி பாத்திருக்கேன். பாட்டுதான் கேட்டுது."

புருஷோத்தமன் லேப்டாப்பைக் கொண்டுவந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். அவள் சொல்லச் சொல்ல அடித்தான். ஒரு சொல்லில் அவன் 'உடனே' என்று அடிக்க, "அப்பா 'ஒடனே'ன்னுதான் சொன்னாரு" என்று திருத்தினாள்.

புது டிவிடி தயாரானதும், தேங்காய்த்திட்டில் இருக்கும் தம்பி தேவதாசுக்கு ஒன்று வேண்டும் என்றாள்.

"அவனுக்குக் காது நல்லாத்தான இருக்கு, எழுத்து இல்லாம போடவா?"

"எழுத்தோடவே போடுங்க. அவனுக்கும் அந்தப் பாட்டுதான கேக்கும்."