இராசநாயகம் அண்ணை தெரிந்தெடுத்த துவக்கு

ஹம்பேர்க் பிரதான நிலையத்துக்கு எதிரே உள்ள நம்மவர் கடையில் வெண்டிக்காய் தெரிந்தெடுத்துக்கொண்டு நின்றபோதுதான் செய்தி வந்தது. கடைக்காரத் தம்பி தொலைபேசியைக் காதிலிருந்து எடுக்காமலே, "அக்கா, உங்களோடை அந்த விடுதியிலை இருந்த இராசநாயகம் அண்ணை மோசம் போயிட்டாராம். காலமை பஸ் தரிப்பிடத்திலை இருந்தபடியே போயிட்டாராம்" என்றார். பையில் போட்ட வெண்டிக்காயை அப்படியே கொட்டிவிட்டு வெளியே வந்து நின்றேன். அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது.

அந்த பஸ்சில் அவர் எங்கே போக நின்றார் என்பது எனக்குத் தெரியும். 'டுல்டுங்' கடதாசியைப் புதுப்பிக்கத்தான். அகதி என்று ஏற்கவும் மாட்டோம், இப்போதைக்குத் திருப்பி அனுப்பவும் மாட்டோம், சகித்துக்கொள்கிறோம் என்று இந்த நாடு கொடுக்கிற கடதாசி அது. ஒரு மனிதரைச் சகித்துக்கொள்வதாக முத்திரை குத்திக் கொடுப்பார்கள். அவர் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வருவார்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி நினைவு மலருக்கு எழுதச் சொல்லிக் கேட்டவர்கள், "நல்லதா நாலு வசனம் எழுதுங்கோ அக்கா, அந்தத் துவக்குக் கதை மட்டும் வேண்டாம்" என்றார்கள். துவக்குக் கதை இல்லாமல் இராசநாயகம் அண்ணையைப் பற்றி எழுத என்ன இருக்கிறது? அமைதியானவர், பண்பானவர், எல்லோருக்கும் உதவியவர் என்று எழுதலாம். அதை எவருக்கும் எழுதலாம். அவரைத் தெரியாதவர்களும் இதை வாசிப்பார்கள். ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். விருப்பமில்லாதவர்கள் பக்கத்தைத் திருப்பிக்கொண்டு போகலாம்.

எண்பத்துமூன்றாம் ஆண்டுக் கலவரத்துக்கு அடுத்த வருடம் நாங்கள் ஜேர்மனிக்கு வந்தோம். ஹம்பேர்க்குக்கும் ஹனோவருக்கும் நடுவே, காட்டோரக் கிராமம் ஒன்றில் பழைய விடுதி ஒன்றை அகதிகளுக்கு வாடகைக்கு எடுத்திருந்தார்கள். நானும் என் கணவரும் மாடி அறையில் இருந்தோம். கீழே சமையலறைக்குப் பக்கத்து அறையில் அண்ணை இருந்தார். வேலை செய்யக்கூடாது, மாவட்ட எல்லையைத் தாண்டக்கூடாது என்று சட்டம். சாப்பிடலாம், படுக்கலாம், சன்னலால் பார்க்கலாம்.

அண்ணை வவுனியாவுக்கு வடக்கே, காட்டை ஒட்டிய ஊரைச் சேர்ந்தவர். வயலைப் பன்றியிடமிருந்து காக்க அரசாங்கக் கச்சேரியில் அனுமதி எடுத்து ஒரு வேட்டைத் துவக்கு வைத்திருந்தவர். மரை வேட்டைக்கும் போனவர். துவக்கு வைத்திருப்பவர்கள் எல்லோரும் கொண்டுவந்து ஒப்படைக்கவேண்டும் என்று இராணுவக் கட்டளை வந்தபோது, எண்ணெய் போட்டுத் துடைத்து, அனுமதிப் பத்திரத்தோடு தானே கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார். துவக்கை வாங்கியவர்கள் ஆளையும் வைத்துக்கொண்டார்கள். "மற்றத் துவக்கு எங்கை?" என்று கேட்டுக் கேட்டு அடித்ததில் அவருடைய வலது காது கேட்காமல் போய்விட்டது. மனைவி கமலம் அக்கா நகைகளை விற்று அவரை வெளியில் எடுத்து, அனுப்பிவைத்தார். மகளுக்கு அப்போது ஐந்து வயது. அண்ணைக்கு அகதி அந்தஸ்து கிடைத்தால் அவர்கள் இருவரையும் சட்டப்படி கூப்பிடலாம். கிடைக்காவிட்டால் இல்லை. அந்த மனிதருடைய சீவியம் முழுவதும் அந்த ஒரு விஷயத்தில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

இதை எங்களுக்கு அவர் முதல் வாரமே சொல்லிவிட்டார். ஜேர்மன்காரர்களுக்குச் சொல்லத்தான் விடவில்லை.

விசாரணைக்கு முன்னர் எசன் நகரத்திலிருந்து ஒரு பெரியவர் வந்தார். அவர் பெயரை நான் எழுதப்போவதில்லை, மாஸ்டர் என்றே எல்லோரும் கூப்பிடுவோம். வாசிப்பவர்களில் பலருக்குத் தெரியும். விசாரணையில் என்ன சொல்லவேண்டும் என்று விடுதி விடுதியாகப் போய்ச் சொல்லிக்கொடுப்பவர். கையில் ஒரு கதை வைத்திருந்தார்: கொழும்பில் கடை, கலவரத்தில் எரிந்தது, காடையர் துரத்தினார்கள். பத்துப் பேருக்குச் சரிவந்த கதை. வருபவர்களுக்கெல்லாம் அதையே அளந்து கொடுத்தார்.

அண்ணை மெதுவாகக் கேட்டார்: "எனக்குக் கொழும்பிலை கடை இல்லையே, மாஸ்டர். என்ரை துவக்கைக் குடுக்கப் போய்த்தானே இவ்வளவும் நடந்தது?"

"துவக்கு எண்ட சொல்லே உங்கடை வாயிலை வரக்கூடாது! துவக்கு எண்டால் பயங்கரவாதி எண்டு எழுதிப்போட்டு அடுத்த பிளேனிலை ஏத்துவாங்கள். வாழ்க்கையிலை துவக்கைத் தொட்டதே இல்லை எண்டு சொல்லுங்கோ. கேக்காட்டிலும் சொல்லுங்கோ."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அண்ணை, காது போனது உண்மை. அதை விட்டுட்டு இல்லாத கடையை ஏன் எரிக்கிறியள்? உள்ளதைச் சொல்லுங்கோ" என்றேன். மாஸ்டர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "பிள்ளை, இது பொம்பிளையள் கதைக்கிற விஷயமில்லை" என்றார். அண்ணை நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "தங்கச்சி, பத்துப் பேருக்குச் சரிவந்தது. கமலத்தையும் பிள்ளையையும் வைச்சு நான் சூதாட ஏலாது."

விசாரணையில் அப்படியே சொன்னார். துவக்கைத் தொட்டதே இல்லை என்று, கேட்காமலே சொன்னார்.

அதற்குப் பிறகு காத்திருப்பு. அந்தக் காத்திருப்பில்தான் லூடர்ஸ் ஐயாவின் துவக்கு வந்தது. லூடர்ஸ் ஐயா விடுதியின் சொந்தக்காரர், வேட்டைக்காரர். சுவர் முழுக்கக் கொம்பு மாட்டி வைத்திருப்பார். சுவீடனுக்குப் போய் எல்க் வேட்டையாட வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. எல்க் என்பது குதிரையிலும் உயரமான மான். அகன்ற கொம்பு, தொங்கும் மூக்கு. படத்தைக் காட்டியபோது அண்ணை, "இது மரைக்குப் பெரியப்பா" என்றார்.

எந்தத் துவக்கைக் கொண்டுபோவது என்பதில் லூடர்ஸ் ஐயாவுக்குக் குழப்பம். கடைக்காரரிடமிருந்து இரண்டைப் பார்ப்பதற்கு வாங்கி வந்து, தகப்பன் விட்டுப்போன பழைய எட்டு மில்லிமீற்றரையும் எடுத்து, மூன்றையும் சாப்பாட்டு மேசையில் கம்பளம் விரித்து வைத்திருந்தார். அண்ணை கதவடியில் நின்று பார்த்த பார்வையிலேயே அவருக்கு விளங்கிவிட்டது. "உள்ளே வா" என்று கையைக் காட்டினார். எனக்குத்தான் மொழிபெயர்ப்பு வேலை. துவக்கில் எந்தப் பக்கத்தால் வெடி போகும் என்பதைத் தவிர எனக்கு ஒன்றும் தெரியாது.

லூடர்ஸ் ஐயாவுக்கு மனம் முழுக்கப் புதிய மக்னம் துவக்கில். ஏழு மில்லிமீற்றர்ச் சன்னம், பயங்கர வேகம், முந்நூறு மீற்றரிலும் நேரே போகுமாம். அண்ணை கேட்டார்: "தங்கச்சி, அங்கை காடு எப்பிடியெண்டு கேளுங்கோ. எவ்வளவு தூரத்திலை சுடுவாராம்?"

அடர்ந்த ஊசியிலைக் காடு, சதுப்பு, ஐம்பது மீற்றர், மிஞ்சினால் நூறு என்றார் லூடர்ஸ் ஐயா.

"அப்ப இவருக்கு ஏன் இந்த அவசரம் பிடிச்ச தோட்டா?" என்றார் அண்ணை. நான் அதை அப்படியே மொழிபெயர்த்தேன். லூடர்ஸ் ஐயா வாய்விட்டுச் சிரித்தார். அண்ணை சிரிக்கவில்லை. "கிட்டத்திலை அந்த வேகத்தோடை எலும்பிலை பட்டால் சன்னம் சிதறிப்போம். இறைச்சியும் பாழ், மிருகமும் காயத்தோடை ஓடும். பாரமான சன்னம் மெதுவாப் போனாலும் மற்றப் பக்கத்தாலை வெளியிலை வரும். இரத்தம் விழும், தேடிப் பிடிக்கலாம். காயப்படுத்திப்போட்டு விட்டுட்டு வாறது பாவம்."

அப்படியானால் தகப்பனுடைய எட்டு மில்லிமீற்றரே போதாதா என்று கேட்டார் லூடர்ஸ் ஐயா. "அதுவும் காணும். ஆனால் மிருகம் சரிஞ்சு நிண்டால், இது இன்னும் ஆழமாப் போகும்" என்று மூன்றாவதைத் தொட்டார். ஒன்பது புள்ளி மூன்று மில்லிமீற்றர். சின்னதுமில்லை, யானைத் துவக்குமில்லை. அதனுடைய தோட்டாவை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்து, "இது நாங்கள் ஊரிலை மரைக்குப் போடுற ஒற்றைக் குண்டுக்குச் சொந்தக்காரன்" என்றார்.

அவருக்கு எல்லாம் தெரியும் என்பது போல நான் எழுதக்கூடாது. தொலைநோக்கிக் கண்ணாடிக்குள் அவர் அதுவரை பார்த்ததேயில்லை. லூடர்ஸ் ஐயா பிடித்துக் காட்டியதும், தேவாலய மணிக்கூடு மூக்குக்கு நேரே வந்துவிட்டதென்று பின்னுக்குத் துள்ளினார். பிறகு அந்தக் கண்ணாடியை வைத்தே லூடர்ஸ் ஐயா ஒரு பின்னேரம் முழுக்க அவருக்குப் பாடம் எடுத்தார்.

கடைசிச் சோதனை அண்ணையினுடையது. "சுவீடனிலை போடுற கோட்டைப் போட்டுக்கொண்டு வரச்சொல்லுங்கோ" என்றார். நல்ல வெயில் காலம். லூடர்ஸ் ஐயா தடித்த கோட்டைப் போட்டுக்கொண்டு வியர்த்து வழிய நடு அறையில் நின்றார். "கண்ணை மூடச் சொல்லுங்கோ. மூடிக்கொண்டே துவக்கைத் தோளிலை வைக்கட்டும். இப்பத் திறக்கட்டும். குறி நேரை நிக்குதோ?" கோட்டின் தடிப்பில் துவக்கு நீண்டு போயிருந்தது. குறி மேலே நின்றது. "அப்ப பின்கட்டையிலை ஒரு விரலளவு குறைக்கவேணும். துவக்கு ஆளுக்கு அளவா இருக்கவேணும். ஆள் துவக்குக்கு வளையக்கூடாது." அந்த ஒன்பது புள்ளி மூன்றையே விலைக்கு வாங்கி, கட்டையைக் குறைத்த பிறகு, கண்ணைத் திறந்ததும் குறி தானாகவே நேரே நின்றது. லூடர்ஸ் ஐயா அண்ணையைக் கட்டிப்பிடித்தார். அந்தக் கிராமத்தில் எங்களில் ஒருவரை ஒரு ஜேர்மன்காரர் தொட்டதை நான் கண்டது அதுதான் முதல் தடவை.

இலையுதிர் காலத்தில் லூடர்ஸ் ஐயா தொப்பியில் ஒரு பச்சைக் கிளை செருகிக்கொண்டு திரும்பி வந்தார். ஒரே வெடி. மிருகம் முப்பது அடி நடந்து விழுந்ததாம். இங்கத்தைய வேட்டைக்காரர்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறது. மிருகம் விழுந்ததும் ஊசியிலைக் கிளை ஒன்றை முறித்துச் சுட்டவருக்குக் கொடுப்பார்கள். அது அவருடைய மரியாதை. தேடிப்பிடிக்க உதவியவர் இருந்தால் சுட்டவர் அதில் பாதியை முறித்து அவருக்குக் கொடுப்பார். லூடர்ஸ் ஐயா விடுதி வாசலில் எல்லோருக்கும் முன்னால் கிளையை முறித்து, அண்ணையின் சட்டைப் பொத்தானில் பாதியைச் செருகினார். துவக்கை அண்ணையின் கையில் கொடுத்துப் பக்கத்தில் நின்று படமெடுக்கச் சொன்னார். வேட்டைச் சங்கத்தில் பெருமையாகக் கதை சொன்னார். உள்ளூர்ப் பத்திரிகையில் படம் வந்தது: 'எல்க் வேட்டைக்கு வழிகாட்டிய தமிழ் வேட்டைக்காரர்.' அண்ணை அதில் சிரித்துக்கொண்டு நின்றார். அவர் சிரித்து நான் பார்த்த ஒரே படம்.

நன்றியில் செய்ததுதான். அந்த நன்றிதான் அவரைத் தின்றது.

கடை எரிந்ததை நம்பினார்கள், ஆனால் அது மட்டும் போதாதென்று விண்ணப்பத்தை நிராகரித்தார்கள். மேன்முறையீட்டில் அந்தப் படம் மேசையில் கிடந்தது. துவக்கைத் தொட்டதே இல்லை என்றீர்களே, இது என்ன என்று கேட்டார்கள். அண்ணை அப்போதுதான் உண்மையைச் சொன்னார். அனுமதிப் பத்திரம், ஒப்படைத்தது, அடி, காது, எல்லாம். பிந்திச் சொன்ன கதையை நம்புவதற்கில்லை என்றார்கள். லூடர்ஸ் ஐயா சாட்சிக்கு வந்து, இவர் வேட்டைக்காரர், பண்பான வேட்டைக்காரர், அவர் பேச்சிலிருந்தே எனக்குத் தெரியும் என்று மன்றாடினார். அவர் சொல்லச் சொல்ல அண்ணையின் முதல் வாக்குமூலம் இன்னும் பெரிய பொய்யாகிக்கொண்டு போனது.

வெளியே வந்து அண்ணை என்னிடம் கேட்டார்: "தங்கச்சி, நான் கொழும்பைக் கண்டது பிளேன் ஏற வந்த அண்டைக்குத்தான். அந்தக் கடையை நம்பினாங்கள். என்ரை காதை நம்பேல்லை. இது என்ன ஞாயம்?"  

மாஸ்டர் தொலைபேசியில் சத்தம் போட்டார். "பேப்பருக்குப் போஸ் குடுக்கச் சொல்லி ஆர் சொன்னது? விசரனே?" என்றார். அண்ணை தொலைபேசியை என்னிடம் நீட்டினார். நான் சொல்லவேண்டியதைச் சொன்னேன். அதை இந்த மலரில் அச்சடிக்க முடியாது.

எங்களுக்குக் கடதாசி கிடைத்து நாங்கள் ஹம்பேர்க் வந்துவிட்டோம். அண்ணை அங்கேயே இருந்தார். கமலம் அக்கா ஊர்விட்டு ஊர் ஓடிக்கொண்டிருந்தார். "அடுத்த வருசம் பாப்பம்" என்று அண்ணை சொல்லுவார். பிறகு அதையும் சொல்லாமல் விட்டுவிட்டார். மகளுக்கு இப்போது பத்து வயது. தகப்பனுடைய சாம்பலை என்றாலும் அனுப்பச் சொல்லிச் செய்தி வந்திருக்கிறது. சாம்பலுக்கு விசா தேவையில்லையாம், விசாரித்துவிட்டோம்.

தகனத்துக்கு நூறு பேருக்கு மேல் வந்தார்கள். உயிரோடு இருந்தபோது இதில் பத்துப் பேர் அந்த விடுதிப் பக்கம் போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மாஸ்டர் எசனிலிருந்து வந்து, மாலை போட்டு, பெரிய எடுப்பில் பேசினார். "அமரர் கொழும்பிலை சிறந்த வர்த்தகரா இருந்து, கலவரத்திலை அனைத்தையும் இழந்து..." என்று தொடங்கினார். செத்த பிறகும் அந்தக் கடையை விடவில்லை, பாருங்கள்.

பேச்சு முடிந்ததும் லூடர்ஸ் ஐயா பச்சைக் கோட்டோடு முன்னுக்கு வந்தார். துவக்குக்கு அளவெடுத்த அதே கோட்டு. தொப்பியைக் கழற்றி, அதிலிருந்த ஊசியிலைக் கிளையை எடுத்து அண்ணையின் நெஞ்சில் வைத்தார். வேட்டைக்காரர் ஒருவர் இறந்தால் கூட வேட்டையாடியவர்கள் செய்கிற கடைசி மரியாதை அது. போய்ப் பின்வரிசையில் நின்றுகொண்டார்.

மாஸ்டர் குனிந்து மாலைகளைச் சரிசெய்தார். "இதென்ன குப்பை, ஆரோ சருகைப் போட்டிருக்கினம்" என்று அந்தக் கிளையை எடுத்துக் கீழே போட்டார்.

நான் போய் அதை எடுத்தேன். "மாஸ்டர், கையை எடுங்கோ. இதையாவது அவருக்கு விடுங்கோ" என்றேன்.  கிளையைத் துடைத்து, அண்ணையின் சட்டைப் பொத்தானில், லூடர்ஸ் ஐயா அன்றைக்குச் செருகிய அதே இடத்தில் செருகிவிட்டேன். பெட்டியை மூடும்வரை பக்கத்திலேயே நின்றேன்.

போய் வாங்கோ, அண்ணை. வர்த்தகராக இல்லை, வேட்டைக்காரராகவே போய் வாங்கோ. சாம்பலோடு அந்தப் பத்திரிகைப் படமும் உங்கள் மகளுக்கு வரும். படத்துக்குக் கீழே என்ன எழுதியிருக்கிறது என்பதை நானே தமிழில் எழுதி ஒட்டியிருக்கிறேன்.